தாத்தாவின் போர், பேத்தியின் கேள்வி: வழிவழிக் குற்றவுணர்வைப் பதின்பருவ நாவலாக எழுத முழுமையான வழிகாட்டி

பதின்பருவத்தினருக்குப் போர்க்கால நாவல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். பரணில் ஒரு பெட்டி, அதற்குள் தாத்தாவின் நாட்குறிப்பு, அதைப் படித்து உடைந்துபோகும் பேரப்பிள்ளை. முதல் முப்பது பக்கமும் கண்ணீர். சரி, தாத்தா என்னதான் செய்தார் என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருக்காது. "ஏதோ ஒரு கிராமத்தில் ஏதோ நடந்தது" என்பார்.

குற்றம் மங்கலாக இருந்தால் குற்றவுணர்வும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் இங்கே வேலையின் வரிசையை மாற்றுகிறோம். முதலில் செயல், பிறகு பலியானவர்கள், பிறகு மிஞ்சிய தடயம், அப்புறம் வீட்டின் மௌனம், கடைசியில்தான் பிள்ளை. இது நீங்கள் தயாராகும் வரிசை. நாவலின் அத்தியாயங்கள் இதே வரிசையில் வர வேண்டும் என்பதில்லை.

முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 1979இல் மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்கில் வாழும் 15 வயதுப் பேத்தி. 1942இல் நாஜி ஜெர்மனியின் ரிசர்வ் காவல் பட்டாலியன் (காவல்துறையின் துணைப் படைப்பிரிவு) ஒன்றில் சேர்ந்து, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்துக்குப் போன தாத்தா. இருவரும் கற்பனை. அவர்களைச் சுற்றியுள்ள நாட்களும் இடங்களும் சட்டங்களும் நிஜம்.

## 1. தொடங்கும் முன் மூன்று வகைச் சான்றுகளைச் சேருங்கள்

ஒன்று, விசாரணை ஆவணங்களும் அவற்றை வைத்து எழுதப்பட்ட வரலாற்று நூல்களும். ஹாம்பர்கிலிருந்து போன ரிசர்வ் காவல் பட்டாலியன் 101இன் ஆட்களை, போலந்தில் யூதர்களைக் கொன்றதற்காக, அந்நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம் 1962 முதல் 1972 வரை விசாரித்தது. அந்த வாக்குமூலங்கள்தான் அவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை.

இரண்டு, யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியங்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளையில் 50,000க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் இருக்கின்றன. மூன்று, ஊரின் கதை. அழிந்துபோன யூத ஊர்கள் பலவற்றுக்கு, உயிர் பிழைத்தவர்கள் சேர்ந்து தொகுத்த யிஸ்கோர் நினைவு நூல்கள் உண்டு. நியூயார்க் பொது நூலகம் அவற்றில் பலவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

மூன்றும் ஏன் வேண்டும்? ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குற்றம் செய்தவர்கள் இருபது ஆண்டு கழித்து, வழக்குக்குப் பயந்துகொண்டு பேசினார்கள். ஜெர்மன் சட்டப்படி ஒரு கொலை 'கீழ்த்தரமான நோக்கம்' கொண்டது என்று நிரூபணமானால் தண்டனை கடுமை. இனவெறுப்பு அந்த நோக்கத்தில் அடங்கும். அதனால் யூதர்களை வெறுத்தேன் என்று எவரும் வாயைத் திறக்கவில்லை. வாக்குமூலங்களை மட்டும் படித்துவிட்டு எழுதினால் வெறுப்பே இல்லாத, வெறுமனே சோர்ந்துபோன மனிதர்களாக அவர்கள் வந்து நிற்பார்கள். அப்படி வந்து நிற்கும் பிரதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிழைத்தவர்களின் பக்கம் வேறு சிக்கல். காலையில் வந்து மாலையில் போய்விட்ட ஒரு படையில் யார் யார் இருந்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடியாது. அவர்கள் சொல்லக்கூடியது அந்தக் காலைக்கு முந்தைய ஊரை. அது உங்களுக்கு நான்காம் படியில் தேவைப்படும்.

## 2. வயதுக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

ஒரு தாளில் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். பேத்தி 1964. அப்பா 1932. தாத்தா 1905. 1942இல் தாத்தாவுக்கு 37. அந்தப் பட்டாலியன் ஆட்கள் பெரும்பாலும் போர்முனைக்கு வயது கடந்துவிட்ட நடுவயதுக்காரர்கள் என்பதால் கணக்கு பொருந்துகிறது. 1979இல் அவருக்கு 74, அதாவது பேசக்கூடிய வயது.

அப்பாவின் வரியை நின்று பாருங்கள். 1942இல் அவருக்கு 10. ஜெர்மன் சிறுவர்கள் நாஜிச் சிறுவர் அணியில் சேர்ந்த வயது அதுதான். ஆக, அப்பாவுக்கும் சீருடை போட்ட ஒரு குழந்தைப் பருவம் இருக்கிறது. இடையில் உள்ள தலைமுறையை வெறும் தபால்காரராக விட்டுவிடுவது பொதுவான தவறு. இந்தக் கணக்கைப் போட்டவுடனே அது தானாகச் சரியாகும்.

கதையை இன்றைய நாளில் வைக்க ஆசையா? அப்படியானால் இன்றைய 15 வயதுக்காரருக்கு இந்தத் தாத்தா ஒத்துவர மாட்டார். கொள்ளுத்தாத்தா ஆகிவிடுவார், உயிரோடும் இருக்க மாட்டார். அண்மைக் காலமே வேண்டுமென்றால் வேறு போரைத் தேடுங்கள். ருவாண்டாவில் 1994 படுகொலையை ஊர் மக்கள் முன்னிலையில் விசாரித்த கச்சாச்சா நீதிமன்றங்கள் 2012இல்தான் முடிவுக்கு வந்தன. அங்கே குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் தாத்தா அல்ல, அப்பா. கதையின் சூடே வேறு.

## 3. செயலை ஒரே பக்கத்தில், மழுப்பாமல் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். இந்தப் பக்கம் நாவலில் அப்படியே வராது. நாவலில் இதன் கால்பங்குகூட வராமல் போகலாம். ஆனால் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

1942 ஜூலை 13 விடிகாலை, அந்தப் பட்டாலியன் யூசெஃபூவ் என்ற போலந்து ஊருக்குள் வந்தது. ஏறக்குறைய 500 பேர். தளபதி மேஜர் வில்ஹெல்ம் டிராப் உத்தரவைச் சொன்னார்: வேலை செய்யத்தக்க ஆண்களைப் பிரித்தெடுங்கள், மற்ற யூதர்களைச் சுட்டுவிடுங்கள். சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொன்னார். வயதில் மூத்தவர்களில் இந்த வேலை தன்னால் ஆகாது என்று நினைப்பவர்கள் விலகி நிற்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் விலகினார்கள். அன்று மாலைக்குள் ஏறக்குறைய 1,500 பேர் காட்டில் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் கற்பனைத் தாத்தாவை இதேபோன்ற ஒரு நாளில் நிறுத்துங்கள். அன்று பல வேலைகள் இருந்தன. ஊரைச் சுற்றி வளைத்து நிற்பது, வீடு வீடாகப் போய் ஆட்களைச் சந்தைத் திடலுக்கு இழுத்து வருவது, லாரியில் ஏற்றுவது, காட்டுக்குள் நடத்திப் போவது, சுடுவது. கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுதுங்கள்:

- எத்தனை மணிக்கு எழுப்பினார்கள்? எங்கே நின்றார்?
- கையால் என்ன செய்தார்? எதைப் பிடித்திருந்தார், எதைத் திறந்தார், யாரைத் தொட்டார்?
- விலக வாய்ப்பு வந்தபோது அவருக்குப் பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார்?
- அன்று இரவு முகாமில் எப்படிக் கழிந்தது?
- அடுத்த வாரம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எதைப் பற்றி எழுதினார்?

புதியவர்கள் இரண்டு எல்லைகளில் ஒன்றில் போய் விழுவார்கள். ஒன்று, தாத்தா வெறும் எழுத்தர், கையில் பேனா தவிர வேறில்லை. அல்லது அவர் சிரித்துக்கொண்டே சுடும் அரக்கன். முதலாவதில் பேத்திக்குக் கேள்வியே எழாது. இரண்டாவதில் பதில் மிக எளிது, "அவர் மிருகம், நான் அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டு வாசகர் தூங்கப் போய்விடுவார். என் சிபாரிசு: காலையில் வீடுகளிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தவர், பிற்பகலில் காட்டுக்கும் அனுப்பப்பட்டவர். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை விலகியிருக்கலாம். விலகவில்லை.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? பதின்பருவ வாசகர் முதலில் கேட்கும் கேள்வி, "மறுத்திருந்தால் அவரைக் கொன்றிருப்பார்களா?" என்பதுதான். நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காகக் கடும் தண்டனை அனுபவித்த ஒருவரையாவது காட்ட, போருக்குப் பிந்தைய ஜெர்மன் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்களால் முடியவில்லை. இது உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், "அவருக்கு வேறு வழியில்லை" என்ற வரி எந்தப் பாத்திரத்தின் வாயிலாவது நுழைந்து, மறுப்பார் இன்றி உட்கார்ந்துவிடும்.

இதே விடையை வேறு போருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையில் காவல் நின்றவர்களில் பலர், ஜப்பானின் ஆட்சிக்குக் கீழ் இருந்த கொரியர்கள். அவர்களே அந்தப் படையின் கடைசிப் படிக்கட்டில் இருந்தார்கள், அவர்களுக்கும் கீழே மலாயாத் தமிழர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். போருக்குப் பின் மொத்தம் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டனை பெற்றார்கள், அவர்களில் 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அந்தக் காவலரின் பேத்தியைப் பற்றி எழுதினால் "மறுத்திருக்கலாமே" என்ற கேள்வி வேறு எடையில் வரும். ஒவ்வொரு போருக்கும் இந்தப் பக்கத்தைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நிஜப் பட்டாலியனின் நிஜ ஆட்களின் பெயரைக் கற்பனைப் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள். பலியானவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்தும் ஒரு பெயரை எடுத்துக் கற்பனைச் சாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். பட்டாலியனுக்கு எண் கொடுக்காமல் விடுவதே நல்லது.

## 4. பலியானவர்களுக்கு அந்த நாளுக்கு முன்பு ஒரு வாழ்க்கை கொடுங்கள்

தாத்தா இழுத்து வந்த அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? இரண்டு பக்கம் எழுதுங்கள். அதில் போர் வரக் கூடாது. என்ன தொழில், யாரோடு யாருக்குச் சண்டை, எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது, எந்தக் கதவு சரியாகச் சாத்தாது. யிஸ்கோர் நூல்களில் இதற்குத் தீனி ஏராளம்.

காரணம் இதுதான்: இந்தக் கதை வகையில் பலியானவர்கள் ஒரு எண்ணாகவோ ஒரு குழிக்குள்ளோதான் வந்து சேர்கிறார்கள். பேத்தியின் மனவளர்ச்சிக்கு அவர்கள் எருவாகிவிடுகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்திருந்தால், பேத்தி தன் துயரத்தையே பெரிதாகப் பேசும் இடங்களில் உங்கள் பேனா தானாகக் கூசும்.

## 5. வீட்டில் என்ன தடயம் மிஞ்சியிருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

நாட்குறிப்பை மறந்துவிடுங்கள். கொலையை உட்கார்ந்து எழுதி, தேதி போட்டு, பேத்தி கண்டுபிடிக்கட்டும் என்று பரணில் வைத்தவர்கள் அபூர்வம். நிஜமாக வீடுகளில் மிஞ்சுவது இவைதான்: ஒரு அழைப்பாணை, பின்பக்கம் ஊர்ப்பெயர் எழுதிய புகைப்படம், போர்க்களக் கடிதக் கட்டு, பசைத்தடம் மட்டும் இருக்கும் ஆல்பப் பக்கம்.

எங்கள் உதாரணத்துக்கு நான் அழைப்பாணையைத்தான் எடுப்பேன். 1964இல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்தது. இன்ன நாள், இன்ன மணி, இன்ன அறை, இன்னார் மீதும் மற்றவர்கள் மீதுமான வழக்கில் சாட்சியாக. குற்றம் என்னவென்று அதில் விவரம் இல்லை. பேத்தி தேட வேண்டிய அளவுக்கு மட்டுமே சொல்கிறது. தாளில் உள்ள ஆண்டு அவள் பிறந்த ஆண்டு. தான் தொட்டிலில் கிடந்தபோது தாத்தா எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கே புரியட்டும், நீங்கள் விளக்க வேண்டாம்.

வெளியே என்ன நடக்கிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 1979 ஜனவரியில் யூத இனப்படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பாகி வீடுதோறும் பேச்சானது. அதே ஆண்டு ஜூலை 3இல், கொலைக் குற்றத்துக்கு இருந்த காலவரம்பையே நாடாளுமன்றம் நீக்கியது. ஆக அந்த வீட்டில் இருப்பது வெட்கம் மட்டுமல்ல. தாத்தாவைச் சாகும்வரை வழக்கு துரத்தலாம் என்ற நடைமுறைப் பயமும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத பிரதிகளில் குடும்பத்தினர் ஏன் இப்படி நடுங்குகிறார்கள் என்றே புரிவதில்லை.

புகைப்படத்தைத் தடயமாக வைத்தால் கூடுதல் கவனம் தேவை. 1995இல் ஹாம்பர்கில் தொடங்கி ஊர் ஊராகப் போன ஒரு கண்காட்சி, சாதாரணப் படைவீரர்கள் செய்த குற்றங்களைப் புகைப்படங்களோடு காட்டியது. அவற்றில் சில படங்களில் இருந்தவர்கள் உண்மையில் சோவியத் ரகசியக் காவல்துறையால் கொல்லப்பட்டவர்கள். படக்குறிப்பு தவறு. 1999இல் கண்காட்சியை நிறுத்தி வைத்து, வரலாற்றாய்வாளர் குழுவைக் கொண்டு சோதித்து, 2001இல் புது வடிவில் திறந்தார்கள். அடிப்படை வாதம் சரி என்றே குழு சொன்னது. ஆனாலும் மறுக்க நினைத்தவர்களுக்கு அந்தச் சில படங்களே போதுமாக இருந்தன. உங்கள் நாவலில் ஒரு சீருடைப் பட்டையின் நிறம் தவறினாலும் இதே கதைதான். "இதுவே பொய், மற்றதும் பொய்" என்பார்கள்.

## 6. மௌனத்தை மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுங்கள்

"வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை" என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பல். உண்மையில் அந்த வீடுகளில் போரைப் பற்றி நிறையவே பேசினார்கள். குளிர், பசி, குண்டுவீச்சு, சிறைமுகாம். இல்லாமல் போனது ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும்.

தாத்தா, பாட்டி, அப்பா மூவருக்கும் ஆளுக்கொரு பத்தி எழுதுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், எதைச் சொல்கிறார், எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார். தாத்தா 1943லிருந்து தொடங்குவார். பாட்டி குண்டுவீச்சில் எரிந்த வீட்டைப் பற்றிப் பேசுவார், அதுவும் நிஜமான துயரம்தான். அப்பா எழுந்துபோய் சன்னலைச் சாத்துவார்.

பேத்தியும் இதில் பங்காளி என்பதை மறக்க வேண்டாம். ஹரால்ட் வெல்சர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் குடும்பங்களில் மூன்று தலைமுறையினரிடமும் பேசிப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்போது தாத்தா பாட்டியின் கதைகள் நல்லவிதமாக மாறியிருந்தன. சும்மா இருந்தவர் எதிர்த்து நின்றவராகியிருந்தார். யாரும் அவர்களிடம் பொய் சொல்லவில்லை, பாசமே அந்த வேலையைச் செய்திருந்தது. அதனால் உங்கள் பேத்திக்கும் தொடக்கத்தில் இப்படியொரு தாத்தா கதை இருக்கட்டும். பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. அவள் இழக்கப்போவது அதைத்தான்.

## 7. எந்தக் குற்றவுணர்வு என்று தீர்மானியுங்கள்

கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மன் தத்துவவாதி 1946இல் நான்கு வகைக் குற்றப் பொறுப்பைப் பிரித்தார். சட்டப்படியானது, நீதிமன்றம் தீர்மானிப்பது. அரசியல் சார்ந்தது, அந்த நாட்டின் குடிமக்கள் விளைவைச் சுமப்பது. ஒழுக்கம் சார்ந்தது, அவரவர் மனசாட்சி தீர்மானிப்பது. நான்காவது, சக மனிதர் கண்ணெதிரே அழிக்கப்பட்டும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்பதிலிருந்து வருவது.

இந்தப் பட்டியலை நாவலில் எங்கும் எழுதாதீர்கள், தயவுசெய்து ஒரு வரலாற்று ஆசிரியரின் வாயிலும் வைக்காதீர்கள். உங்கள் பயன்பாட்டுக்கு மட்டும். 1964இல் பிறந்தவளுக்கு முதலாவதும் மூன்றாவதும் கிடையாது. இரண்டாவது உண்டு. 1970 டிசம்பர் 7இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் (அரசின் தலைவர்) வில்லி பிராண்ட், வார்சாவில் யூதர்களின் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டதை நினைத்துப் பாருங்கள். நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறியிருந்தவர் அவர். தன் குற்றத்துக்காக அவர் மண்டியிடவில்லை, தன் நாட்டுக்காக.

இதைப் பிரித்துக்கொள்ளாமல் எழுதினால், பேத்தி "நானும் ஒரு கொலைகாரி" என்று அழத் தொடங்குவாள். பதின்பருவ வாசகர் அதை நம்ப மாட்டார், நம்பினால் அதைவிட மோசம். ரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்ற எண்ணம், அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்த எண்ணத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு வந்து சேர்வது குற்றமல்ல, தெரிந்துவிட்ட ஒன்று. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்பதில்தான் அவளுடைய ஒழுக்கம் தொடங்குகிறது. அப்பாவைப் போல அவளும் சன்னலைச் சாத்தினால், அது அவளுடைய செயல்.

## 8. கண்டுபிடிக்கும் காட்சியைச் சின்னதாக எழுதுங்கள்

இப்போதுதான் பேத்தி வருகிறாள். முதல் வரைவுகளில் இந்தக் காட்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"கடிதத்தைப் படித்ததும் அவள் உலகமே இருண்டது. தான் நேசித்த தாத்தா ஒரு கொடூரனா? அவள் கண்களில் கண்ணீர் பெருக்கெடுத்தது."

இதில் தாளும் இல்லை, தாத்தாவும் இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"மூக்குக் கண்ணாடி உறைக்கு அடியில் அந்தத் தாள் நான்காக மடிந்து கிடந்தது. ஒன்பது மணி, அறை 214. ஓரத்தில் தாத்தா பென்சிலால் ரயில் நேரத்தைக் குறித்திருந்தார், அவருடைய 7இன் நடுவில் எப்போதும் போல ஒரு கோடு. அவளுக்கு ஏழு எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தாளை அதே மடிப்பில் மடித்தாள். 'கண்ணாடி கிடைத்ததா?' என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. 'கிடைத்தது தாத்தா.'"

அவள் என்ன உணர்ந்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. தெரிந்த கையெழுத்து தெரியாத தாளில் இருப்பதுதான் வேலையைச் செய்கிறது. முக்கியமாக, அவள் ஒரு பொய் சொல்லாமல் சொல்லிவிட்டாள். மௌனத்தில் அவளும் சேர்ந்துவிட்டாள். அடுத்த நூறு பக்கத்துக்கு இது போதும்.

## 9. வன்முறையை எவ்வளவு காட்டுவது

13 வயதுக்கும் 17 வயதுக்கும் ஒரே அளவு ஒத்துவராது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி: உண்மையைக் குறைக்காதீர்கள், விவரிப்பைக் குறையுங்கள். எத்தனை பேர், யார், யார் செய்தது, எங்கே என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். உடல்களின் வர்ணனை வேண்டாம். அது வாசகரை அதிரவைத்துவிட்டு, யோசிக்க விடாமல் செய்துவிடும்.

பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். ரத்தம் பக்கம் பக்கமாக வரும், ஆனால் கொன்றவர்கள் எந்தப் படை என்று கடைசிவரை வராது.

## 10. வாக்கியம் வாக்கியமாகச் சரிபாருங்கள்

பிரதி முடிந்ததும் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து 'பட்டார்கள்' என்று முடியும் வினைகளையெல்லாம் வட்டமிடுங்கள். "ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள்." யார் கொன்றது? செயப்பாட்டு வினை செய்தவரை ஒளித்துவைக்கத் தோதானது. 'நடந்துவிட்டது', 'ஆகிப்போச்சு' எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவில்லை. தாத்தாவும் அப்பாவும் அப்படித்தான் பேசுவார்கள், அங்கே விட்டுவிடுங்கள். "அப்போதெல்லாம் என்னென்னவோ நடந்தது" என்பது தாத்தாவுக்கு மிகப் பொருத்தமான வாக்கியம். பேத்தி எந்தப் பக்கத்தில் முதல்முறையாக "தாத்தா சுட்டார்" என்று எழுவாயும் பயனிலையுமாகச் சொல்கிறாள் என்று பாருங்கள். அந்தப் பக்கம்தான் நாவலின் திருப்பம். அது தற்செயலாக இருபதாம் பக்கத்தில் வந்திருந்தால் மாற்றுங்கள்.

இன்னொன்று, விகுதி. உண்மை தெரிந்த அடுத்த வரியிலேயே "தாத்தா சுட்டான்" என்று மாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. வேண்டாம். மரியாதையைப் பறித்துவிட்டால் அவளுக்கும் அவருக்கும் உள்ள உறவு ஒரு நொடியில் அறுந்து, பிரச்சினை தீர்ந்துவிடும். அவள் 'ஆர்' விகுதியோடேயே அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். பாசமும் செயலும் ஒரே வினைமுற்றில் கிடந்து உரசும்.

## 11. மன்னிப்பில் முடிக்காதீர்கள்

புதியவர்களின் முடிவு பெரும்பாலும் இதுதான்: பேத்தி அந்த ஊருக்குப் போகிறாள், பிழைத்த ஒருவரின் பேரனைச் சந்திக்கிறாள், அவன் அவள் கையைப் பிடித்து "உன் தவறு இல்லை" என்கிறான். நடைமுறையிலேயே இது இடிக்கிறது. 1979இல் மேற்கு ஜெர்மானியர் போலந்துக்குள் நுழைய விசா வேண்டும், 15 வயதுப் பெண் தனியாக ரயிலேறிப் போய்விட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இழந்த குடும்பத்துப் பிள்ளையின் ஒரே வேலை, இழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது என்றாகிவிடுகிறது. அவனுக்குக் கோபம் வரக்கூடாதா? அவளைச் சந்திக்கவே விருப்பமில்லாமல் இருக்கக்கூடாதா?

தாத்தா மாரடைப்பில் போய்ச் சேர்வதும் இதே ரகம். பேச வேண்டியவர் பேசாமல் தப்பிக்க எழுத்தாளரே கதவைத் திறந்துவிடுகிறார்.

அவள் வயதுக்குக் கைக்கெட்டிய செயல்களைத் தேடுங்கள். பள்ளியில் பெருமையாகச் சொன்ன கதையைத் திரும்ப எடுத்துக்கொள்வது. அழைப்பாணையை மேசையில் விரித்து வைத்து அப்பா வரும்வரை உட்கார்ந்திருப்பது. நாஜிக் குற்றங்களை விசாரிக்க 1958இல் லுட்விக்ஸ்பர்கில் தொடங்கிய மத்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது. அந்தக் கடிதத்தை அவள் அனுப்பினாளா என்பதை வைத்தே கடைசி மூன்று அத்தியாயங்களை எழுதலாம். அனுப்பினால் தாத்தாவை என்ன செய்வார்கள், அப்பா அவளோடு பேசுவாரா, பாட்டி எந்தப் பக்கம்? எதுவும் சுலபமில்லை, அதனால்தான் கதை ஓடும்.

## 12. வாசிக்கக் கொடுங்கள், பிறகு ஆசிரியர் குறிப்பு எழுதுங்கள்

குறைந்தது இரண்டு தரப்புக்குக் கொடுங்கள்: உங்கள் வாசகர் வயதுள்ள சிலர், பலியான சமூகத்தைச் சேர்ந்த அல்லது அந்த வரலாற்றை நன்கறிந்த ஒருவர். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், "பிடித்தது" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்:

- எந்தப் பக்கத்தில் தாத்தாவைப் பார்த்துப் பாவம் என்று தோன்றியது?
- கொல்லப்பட்டவர்களில் யாருடைய பெயர் நினைவிருக்கிறது?
- அவர் மறுத்திருக்க முடியும் என்று எப்போது தெரிந்தது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரே பக்கத்தைச் சொன்னால், அந்தப் பக்கத்தில் நீங்கள் அவருக்காக வாதாடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆசிரியர் குறிப்பு நாவலின் முடிவில், இரண்டு மூன்று பக்கம். எது நிஜம், எது கற்பனை, எந்த நாளை நகர்த்தினீர்கள், ஏன். இந்த வயது வாசகர்கள் புத்தகத்தை மூடியதும் இணையத்தில் தேடுவார்கள். முதலில் கிடைப்பது, படுகொலை நடக்கவே இல்லை என்று மறுப்பவர்களின் பக்கமாக இருந்துவிடக் கூடாது. அதனால் நிஜ ஊர், நிஜ நாள், நம்பகமான காப்பகங்களின் பெயர்களைக் குறிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். ஜெர்மன் கதையென்றால் பாட் ஆரோல்சனில் உள்ள ஆரோல்சன் காப்பகம் நல்ல தொடக்கம், நாஜிகளால் துன்புறுத்தப்பட்ட ஏறக்குறைய 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. தாத்தாவின் படைப்பணி விவரங்களைத் தேடுபவர்கள் ஜெர்மன் கூட்டாட்சிக் காப்பகத்துக்கு எழுதலாம். தன் வீட்டு இழுப்பறையிலும் ஏதோ இருக்குமோ என்று சந்தேகப்படும் வாசகர் ஒருவராவது இருப்பார், இந்த முகவரி அவருக்கு.